அங்குலத்துக்கு ஒரு அடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கட்டிய சாய்தளத்தை ரிப்பன் வெட்டித் திறக்கிறார்கள். கீழே 'மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் புதிய வசதி' என்று ஒரு வரி. டீக்கடையில் பேப்பர் பார்த்தவர்கள் நல்ல காரியம் என்றார்கள். என் கண் ரிப்பனில் நிற்கவில்லை. பக்கத்தில் தெரிந்த படிகளை எண்ணினேன். ஐந்து. படிக்கு அரை அடி என்றால் தரை இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. சாய்தளத்தின் பக்கவாட்டில் நீளத்துக்கு நான்கு பெரிய மனிதர்கள் தோளோடு தோள் நிற்கிறார்கள். அதிகம் போனால் எட்டடி. அந்தப் பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஒன்று இருந்தால், அது அந்தச் சரிவில் தானாக ஏறாது. இறங்கினால் வண்டி நிற்காது.

யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. அப்படிப்பட்ட சாய்தளங்களை நானே கட்டியிருக்கிறேன். யோசித்துப் பார்த்ததில் பதினேழு நினைவுக்கு வந்தது. அதில் ஒன்றுகூடச் சரியில்லை.

எனக்கு வயது 66. பதினாறு வயதில் கையாளாகக் கலவைச் சட்டி தூக்க ஆரம்பித்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, நான்கு வருஷத்துக்கு முன்தான் கரண்டியைக் கீழே வைத்தேன். சொந்த ஊர் திண்டுக்கல். என் கைவேலையில் எனக்குப் பெருமை உண்டு. குறிப்பாக வாட்டம். குளியலறைத் தரையோ மொட்டை மாடியோ, நான் பார்த்த வாட்டத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கி நின்றதாக யாரும் குறை சொன்னதில்லை. டியூப் மட்டம் பிடித்து, பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்று கயிறு கட்டித்தான் பூசுவேன். கண்மட்டத்தில் விடுவது என் பழக்கமே இல்லை.

ஆனால் சாய்தளம் என்று வந்தால் கண்மட்டம்தான்.

2013-இல் எங்கள் மாவட்டத்தில் ஒரு அரசு அலுவலகத்துக்குப் புதுக் கட்டிடம் எழும்பியது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே நான்தான் மேஸ்திரி. வேலை முடிகிற நேரத்தில், சாய்தளம் ஒன்று வேண்டுமே, இல்லையென்றால் ஆய்வில் மாட்டிக்கொள்வோம் என்று காண்ட்ராக்டர் சொன்னார். எஸ்டிமேட்டில் அது ஒரே ஒரு வரி: சாய்தளம், எண்ணிக்கை ஒன்று. நீளம் கிடையாது, சரிவு கிடையாது. முன்பக்கம் நான்கு படி, அதாவது 24 அங்குல உயரம். படிக்கும் தூணுக்கும் நடுவே மிச்சமிருந்த இடம் ஏழடி. ஏழடியில் முடித்துவிட்டேன். பைக் ஏறுமா என்று கேட்டார்கள். அங்கேயே நின்ற ஒரு ஸ்பிளெண்டரை ஒரு பையன் முறுக்கிக்கொண்டு மேலே ஏற்றிக் காட்டினான். எல்லாருக்கும் திருப்தி. ஆய்வுக்கு வந்தவரிடம் இருந்த படிவத்திலும் 'சாய்தளம் உண்டா, இல்லையா' என்றுதான் கேள்வி. உண்டு என்று போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு சரிவு கட்டுகிறோமே, அது வண்டி ஏற்றத்தான். கொத்தனார்கள் படித்த பள்ளிக்கூடம் அது ஒன்றுதான். சாய்தளம் என்றால் எங்கள் மனதில் வருவது என்ஜின் வைத்த வண்டி. கையால் சக்கரம் தள்ளுகிற மனிதன் வருவதில்லை.

அதில் இன்னொரு வேலையும் பார்த்து வைத்தேன். சிமெண்ட் பால் ஊற்றி, கண்ணாடி மாதிரி மழமழவென்று இழைத்து, கீழ் ஓரத்தில் ஈரப் பூச்சில் ஒரு எட்டணாக் காசைப் பதித்தேன். நல்லா வந்த வேலையில் எல்லாம் காசு பதிப்பது என் வழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சு திரும்பிவிட்டது, புத்தி முன்னைவிடக் கூர்மை. சக்கர நாற்காலியில்தான் வாசம். ஒரு சான்றிதழ் விஷயமாக அவளே நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். ஆட்டோவில் போய் இறங்கியபோதுதான் அது எந்தக் கட்டிடம் என்று எனக்கு உறைத்தது.

நாற்காலியைத் தள்ளிச் சரிவில் ஏற்றினேன். இரண்டடிகூடப் போகவில்லை, முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டன. நாற்காலி பின்னால் சாய்ந்து முழுப் பாரமும் என் நெஞ்சில் இறங்கியது. செருப்பு வழுக்குகிறது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் விட முடியவில்லை. அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, விட்றாதீங்க, விட்றாதீங்க" என்கிறாள். காவலாளி, ஒரு எழுத்தர், மனு கொடுக்க வந்த இரண்டு பேர் என்று நான்கு பேர் ஓடிவந்தார்கள். நல்ல மனிதர்கள். நாற்காலியோடு அப்படியே தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். முன்பின் தெரியாத ஆண்கள் நான்கு பேர் நான்கு பக்கமும் கை கொடுத்துத் தூக்க, சேலையைச் சரிசெய்யக்கூட ஒரு கைதான் இருக்கிறது அவளுக்கு. அந்தக் கையால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வரும்போதும் அதே மாதிரி இறக்கினார்கள். "இதுல என்ன ஐயா இருக்கு, எப்ப வந்தாலும் கூப்பிடுங்க" என்றார்கள். அன்று ராத்திரி அவள் சொன்னது: "இனிமே என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க." அதற்குப் பிறகு ஏழு மாதம் வாசலைத் தாண்டவில்லை.

ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது சாய்தளத்தின் ஓரத்தைப் பார்த்தேன். எட்டணா அப்படியே இருந்தது.

அந்த அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில், மனு எழுதிக் கொடுக்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாற்பது வயது இருக்கும். சின்ன வயதில் போலியோ வந்தவர், சக்கர நாற்காலியில்தான் வருவார். மறுபடி ஒரு நாள் தனியாகப் போனபோது அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நான்தான் அதைக் கட்டியவன் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். "மேஸ்திரி அண்ணே, பத்து வருஷத்துக்கு மேல இங்க உட்காந்திருக்கேன். உள்ளே எந்த மேசை எங்க இருக்குன்னு மனு எழுத வர்றவங்க சொல்லித்தான் தெரியும். ஒரு தடவைகூட நான் அதுல ஏறினதில்லை." உள்ளே போய் முடிக்க வேண்டிய அவருடைய சொந்த வேலையையும் யார் கையிலாவது கொடுத்துத்தான் அனுப்புகிறாராம். தூக்கிவிட ஆள் இல்லையா என்றேன். "இருக்காங்கண்ணே. ஆனா ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிடணும்ல" என்றார்.

பிறகு என் தொழிலை எனக்கே சொல்லிக்கொடுத்தார். "ஒன்றுக்குப் பன்னிரண்டுன்னு புத்தகத்துல போட்டிருப்பாங்க. அதை விடுங்க. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம், அவ்வளவுதான்."

நாற்பத்தாறு வருஷம் அங்குலத்திலும் அடியிலும் பிழைத்தவன் நான். எனக்காகவே செய்து வைத்த மாதிரி இருந்தது அந்தக் கணக்கு. 24 அங்குல உயரம், 24 அடி நீளம். நான் கட்டியது ஏழு. வீட்டுக்கு வந்து பிளஸ் டூ படிக்கும் பேரனிடம் கேட்டேன். நாற்காலியும் அவன் பாட்டியும் சேர்ந்து 80 கிலோ. என் ஏழடிச் சரிவில் தள்ளினால் 22 கிலோ பாரம் கையில் நிற்குமாம். அரை மூட்டை சிமெண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதுவே 24 அடியில் ஏழு கிலோவுக்கும் குறைவு. கீழே நின்று மேலே எத்தனை அடி உயரம் என்று பார்த்தால் இரண்டுமே ஒன்றுதான். நீளம்தான் பாரத்தைக் குறைக்கிறது. தண்ணீருக்கு வாட்டம் அதிகமானால் பரவாயில்லை, சீக்கிரம் ஓடிவிடும். மனிதனுக்கு அது ஆகாது.

இனி மற்ற கொத்தனார்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பத்திரிகையில் இடமிருந்தால் வெட்டாமல் போடவும். மத்திய அரசின் வழிகாட்டுதல் 2016-இலும் வந்தது, 2021-இலும் திருத்தி வந்தது. பேரனை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அகலம் நான்கடிக்குக் குறையக்கூடாது. ஒரே ஓட்டமாக நீண்டுகொண்டே போனால் தள்ளுகிறவன் கை விட்டுப்போகும், நடுவில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் வேண்டும். திரும்புகிற இடத்திலும் அப்படியே. மேலே போய் முட்டுகிற இடத்திலும் சமதளம் வேண்டும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. சரிவு நேராகக் கதவில் போய் முடிந்தால், கதவைத் திறக்க ஒரு கையை எடுக்கும்போது வண்டி பின்னால் உருளும். கதவு திறந்தால் மூன்றடி வழி கிடைக்க வேண்டும். நிலைக்கு மூன்றடி வாங்கினால் போதாது, கட்டையும் கதவின் கனமும் தின்றது போக மிஞ்சுவதுதான் கணக்கு. கைப்பிடி இரண்டு பக்கமும், இரண்டரை அடியில் ஒன்று, மூன்றடியில் ஒன்று. சரிவு முடிந்த இடத்தோடு கைப்பிடியை வெட்டிவிடாமல் ஒரு அடி நீட்டி விட வேண்டும், ஏனென்றால் கால் தடுமாறுவது அந்தக் கடைசி அடியில்தான். ஓரத்தில் சக்கரம் நழுவாமல் சின்னதாக ஒரு கட்டு. மேலே என்னை மாதிரி இழைத்துவிடாதீர்கள். பூச்சு இறுகுவதற்கு முன் விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்தால் போதும். இப்போது புதுக் கட்டிடங்களில் சாய்தளத்துக்கு மெருகேற்றிய கிரானைட் பதிக்கிறார்கள். மழை நாளில் அதில் நல்ல காலோடு நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கழிப்பறை பற்றி எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உள்ளே திறக்கிற கதவு, உள்ளே விழுந்தவர் மேலேயே வந்து முட்டும்.

இன்னொரு பாவமும் கணக்கில் இருக்கிறது. ஒரு நடைபாதைக்கு மஞ்சள் டைல் ஒட்டினேன், சிலதில் நீளக் கோடு, சிலதில் புள்ளி. டிசைன் என்று நினைத்தேன். கோட்டு டைல் குறைந்ததும் நடுவே நடுவே புள்ளி டைலைச் செருகி, பூக்கோலம் மாதிரி செய்து, கடைசியில் நேராக ஒரு டிரான்ஸ்பார்மர் காலில் கொண்டுபோய் முடித்தேன். அழகாக இருக்கிறது என்று பாராட்டுக்கூட வாங்கினேன். கோடு என்றால் இப்படியே நட, புள்ளி என்றால் நில், முன்னால் ஏதோ இருக்கிறது. கண் தெரியாதவர்கள் பாதத்தாலும் கைத்தடியாலும் படிக்கிற எழுத்து அது. ஜப்பானில் செய்ச்சி மியாக்கே என்பவர் கண்டுபிடித்து, 1967-இல் ஒகாயாமா நகரத்தில் முதலில் பதித்தார்களாம். அந்த எழுத்தில் நான் எழுதி வைத்திருந்தது நட, நில், நட, நில், டிரான்ஸ்பார்மரில் முட்டு.

என் வீட்டைக் கேட்பீர்கள். அதையும் நான்தான் கட்டினேன். மூன்று படி, ஒற்றைப்படைதான் விசேஷம் என்று வைத்தது. இருபது வருஷத்தில் தெருவுக்கு ரோடு போட்டுப் போட்டு ஒரு அடி உயர்ந்து, இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். தெருவே ரோட்டைத் திட்டுகிறது, மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று. நானும் சேர்ந்து திட்டிவிட்டு, மனதுக்குள் ஆறு அங்குலம்தானே மிச்சம், ஆறடிச் சரிவு போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். நிலைவாசலின் கீழ்க்கட்டையை மட்டும் எடுக்க விடமாட்டேன் என்றுவிட்டாள் என் மனைவி. லட்சுமி நிற்கிற இடமாம். சரி, கட்டைக்கு இரண்டு பக்கமும் சீவிய பலகை வைத்துவிட்டேன். லட்சுமி பலகையில் நிற்கட்டும். குளியலறைக்கு இரண்டேகால் அடிக் கதவு, நாலங்குலத் தடுப்பு. இரண்டையும் உடைத்தது நானே. நான் கட்டிய சுவரை உடைப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரியாது. அந்தக் காலத்துக் கலவை.

ஏழு மாதத்துக்குப் பிறகு அவளை வெளியே வரவைத்தது சென்னையில் இருக்கும் மகள். மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு மரப்பாதை திறந்தார்களே, 263 மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 1.14 கோடி ரூபாய் செலவு, அங்கே கூட்டிப்போனாள். திறந்த சில நாளிலேயே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். எனக்கு மரவேலை தெரியாது, அதனால் அதைப் பற்றிப் பேச மாட்டேன். வேறு எங்கும் நாற்காலி புதைந்துபோகிற மணல். அதன் மேல் மூச்சு வாங்காமல் தள்ளினேன். கொஞ்ச தூரம் போனதும், "நீங்க பின்னால வாங்க" என்று சொல்லிவிட்டு, இடது கையால் சக்கரத்தையும் இடது காலால் தரையையும் தள்ளித் தானே போனாள். கோணலாகத்தான் போனாள். போனாள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1995-லேயே ஒரு சட்டம் சாய்தளம் கட்டச் சொன்னது, ஆனால் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று ஒரு வாலும் வைத்தது. நான் 2013-இல் கட்டியது அந்த வாலின் நிழலில். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிப்படி வரைபடம் இல்லையென்றால் கட்ட அனுமதியே கிடையாது, முடிப்புச் சான்றும் கிடையாது என்கிறது. பழைய பொதுக் கட்டிடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்து வருஷம் 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-இல் போட்ட வழக்கில், இந்த அளவுகளை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்த 15-ஆவது விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவர உத்தரவிட்டது. மேஸ்திரியாக எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வழிகாட்டுதல் என்று எழுதினால் காண்ட்ராக்டர் படிக்கமாட்டார். கட்டாயம் என்று எழுதினாலும், ஆய்வுப் படிவத்தில் 'உண்டா, இல்லையா' என்றே கேட்டால், ஏழடியும் உண்டுதான், எட்டடியும் உண்டுதான். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் 'உயரம் எத்தனை அங்குலம், நீளம் எத்தனை அடி' என்று இரண்டு கட்டம் போட்டுவிட்டால் ஏமாற்ற முடியாது.

இடமில்லை என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த அலுவலகத்துக்குப் போய் டேப் பிடித்துப் பார்த்தேன். வராந்தாவின் வடக்கு ஓரத்திலிருந்து சுவரை ஒட்டிப் பன்னிரண்டடி இறங்கி, ஐந்தடி சமதளத்தில் திரும்பி, மறுபடி பன்னிரண்டடி வந்தால் தரைக்கு வந்துவிடும். பதினேழடி நீளமும் எட்டரை அடி அகலமும் போதும். இப்போது அந்த இடத்தில் ஒரு கார் கொட்டகை நிற்கிறது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்று. இனி சாய்தளம் திறக்கிற படம் வந்தால், படம் எடுக்கப் போகிறவர் கையில் ஐம்பது ரூபாய் டேப் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். படத்துக்குக் கீழே யார் திறந்தார் என்று போடுகிற இடத்தில் உயரம் இவ்வளவு, நீளம் இவ்வளவு என்றும் சேர்த்துப் போடுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு தடவை போய்வாருங்கள். என் கணக்கு தப்பாக இருந்தால் அதையும் போடுங்கள், சந்தோஷப்படுவேன்.

அலுவலகத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன். பொருள் அவர்களுடையது, கூலி வேண்டாம், என் பழைய ஆட்கள் இரண்டு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள், நானே நின்று கட்டித் தருகிறேன் என்று எழுதச் சொன்னேன். எழுதியவர் வேப்பமரத்தடிக்காரர்தான். அளவை எல்லாம் கேட்டுக் கேட்டு, வரைபடமும் போட்டு, இரண்டு பக்கத்துக்கு எழுதினார். உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தது நான். திரும்பி வந்ததும் எல்லாரிடமும் வாங்குகிற இருபது ரூபாயை என்னிடமும் வாங்கிக்கொண்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவன்,
திண்டுக்கல்.

(பெயரைப் போட வேண்டாம். மிச்சம் பதினாறு இடத்துக்கும் நானே போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.)